சுண்டுவிரல் பக்கம்

ஜனவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். இரண்டு கையும் பத்து விரலும் முழுசாக இருக்கின்றன. இங்கே நலம் என்றால் இப்படித்தான் எண்ணிச் சொல்ல வேண்டியிருக்கிறது. நீயும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்?

பிரஸ் ஷாப்பில் ஷிப்ட் இன்ஜினியராகச் சேர்ந்து ஒரு மாதம் ஓடிவிட்டது. மொத்தம் பதினான்கு பவர் பிரஸ்கள். தகட்டை அச்சில் வைத்து, இரண்டு கையாலும் இரண்டு பொத்தானை அழுத்தினால், மேலிருந்து எண்பது டன் இறங்கும். தகடு கார் கதவின் கீலாகிவிடும். காலை முதல் மாலை வரை தரை அதிர்ந்துகொண்டே இருக்கிறது. லாண்டரிக்கு மேலே ஒரு அறை பிடித்திருக்கிறேன். அங்கே வந்து உட்கார்ந்த பிறகும் உடம்பு அரை மணி நேரம் ஆடுகிறது.

மேனேஜர், அதுதான் அத்தானின் அண்ணன், முதல் நாள் என்னை ஷாப் முழுக்கச் சுற்றிக் காட்டினார். "என் தம்பியோட மச்சினன்" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டு வந்தவர், நடுவில் நின்று ஒருவரை ஓங்கி அறைந்தார். அச்சுக்கு எண்ணெய் போட மறந்துவிட்டாராம். அந்த ஆளுக்கு ஐம்பது வயதிருக்கும். மூக்கிலிருந்து வந்த ரத்தத்தை மிஷின் துடைக்கும் துணியில் துடைத்துவிட்டு அடுத்த தகட்டை எடுத்து வைத்தார். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் மட்டும்தான் பார்த்துக்கொண்டே நின்றேன். மேனேஜர் என் தோளில் கை போட்டு, விட்ட இடத்திலிருந்து அறிமுகத்தைத் தொடர்ந்தார்.

எனக்கு ஒரு வருஷம் தகுதிகாண் காலம். டிசம்பரில் நிரந்தரம் என்று ஒரு தாள் தருவார்கள். தருவதும் தராததும் மேனேஜர் கையில். இரண்டு வருஷம் வேலை இல்லாமல் சுற்றியவனுக்கு இதெல்லாம் பெரிய விஷயமா? அத்தானுக்கு என் நன்றியைச் சொல். அவர் வாய்விட்டுக் கேட்டிருக்காவிட்டால் இந்த வேலை எனக்கு ஏது?

உன் தம்பி


ஜனவரி 21

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது.

நாங்கள் சௌக்கியம். பத்து விரலும் இருக்கிறது என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை மட்டும் மூன்று தடவை படித்தேன். இனி ஒவ்வொரு கடிதத்திலும் எண்ணி எழுது. கிண்டலாக எழுதினாலும் பரவாயில்லை.

இவர் பக்கத்தில் நின்று இதைப் படித்துக்கொண்டிருக்கிறார். உன்னை விசாரித்ததாக எழுதச் சொல்கிறார். அண்ணன் மனம் கோணாமல் நடந்துகொள்ளச் சொல் என்கிறார். எழுதிவிட்டேன்.

காதுக்குப் பஞ்சு வைத்துக்கொள்கிறாயா? வேளைக்குச் சாப்பிடுகிறாயா? அம்மா போன பிறகு, பேக்கிங் செக்‌ஷனில் நாள் முழுக்க நின்று நின்று என் கால் வீங்கியதெல்லாம் நீ இன்ஜினியர் ஆவதற்காகத்தான். இப்போது போய் வேலை பிடிக்கவில்லை, ஆள் சரியில்லை என்று கொடி பிடிக்காதே. உன் வாய் சும்மா இருக்காது என்று எனக்குத் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு இரு.

அலமாரிக் கதவில் இடித்துக்கொண்டதில் இடது கண் கொஞ்சம் வீங்கியிருக்கிறது. எழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான், பெரிதாக ஒன்றுமில்லை.

நிரந்தரம் டிசம்பரில்தானா? அதற்கு முன்னால் தர வழியே இல்லையா? விசாரித்து எழுது.

அன்புடன் அக்கா


மார்ச் 14

அன்புள்ள அக்காவுக்கு,

விரல் பத்து, எண்ணிக்கொள். உன் கண் வீக்கம் வடிந்ததா? அந்த அலமாரியைச் சுவர்ப்பக்கம் தள்ளி வைக்கச் சொல் அத்தானிடம்.

உன் தம்பிக்கு ஷாப்பில் ஒரு பெயர் கிடைத்திருக்கிறது. காரணம் என் தமிழ். சிரிக்காதே.

போன வாரம் அச்சு மாற்ற நேரமாகிவிட்டது. மேனேஜருக்குக் கோபம் தலைக்கேறி, பக்கத்தில் கிடந்த இரும்புக் கம்பியை எடுத்து ஃபிட்டர் மேல் வீசினார். ஃபிட்டர் முகத்தை மறைக்கக் கையைத் தூக்கினார், அது முறிந்துவிட்டது. முறிந்த சத்தம் அத்தனை பிரஸ் சத்தத்துக்கு நடுவிலும் எனக்குக் கேட்டது. ஆஸ்பத்திரிக்குப் போனால் அரசாங்க இன்ஸ்பெக்டருக்கு அறிக்கை போக வேண்டும். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து எழுதச் சொன்னார். "எண்ணெய்த் தரையில் கால் வழுக்கி விழுந்தார்" என்று எழுதினேன்.

முதலுதவி அறை நர்ஸம்மா அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். "தம்பி, விழுறவன் கையை ஊணுவான், மணிக்கட்டுதான் போகும். அடியைத் தடுக்கிறவன் கையைத் தூக்குவான். அவனுக்கு நடுக்கையில, சுண்டுவிரல் பக்கத்து எலும்பு போகும். இவருக்கு அதுதான் போயிருக்கு. இன்ஸ்பெக்டர் முட்டாள் இல்ல." எனக்கு வெட்கமாகிவிட்டது. உடனே "விழும்போது பிரஸ்ஸின் விளிம்பில் கை மோதியது" என்று ஒரு வரி சேர்த்தேன். இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

இனிமேல் விபத்து அறிக்கை எல்லாம் நான்தான் எழுத வேண்டுமாம். மேனேஜர் எனக்கென்று ஒரு தனி மேசை போட்டுக் கொடுத்திருக்கிறார். மனசுக்குள் கொஞ்சம் உறுத்தல்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் சேர்ந்த நாலாம் மாதத்தில் தனி மேசை யாருக்குக் கிடைக்கும்?

உன் தம்பி


மே 2

அன்புத் தம்பிக்கு,

நீ போட்ட மூன்று கடிதமும் வந்து சேர்ந்தன. பதில் எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. காய்ச்சலில் கிடந்தேன். இப்போது எழுந்து நடமாடுகிறேன். இருமினால் மட்டும் விலாவில் பிடிக்கிறது. தண்ணீர்க் குடத்தை ஏடாகூடமாகத் தூக்கிவிட்டேன் போலிருக்கிறது. பக்கத்து வீட்டு டெய்லரம்மா வந்து பார்த்துக்கொண்டார். நல்ல மனுஷி, வாய்தான் கொஞ்சம் அதிகம். இவர் நலமாக இருக்கிறார், உன்னை விசாரித்தார்.

தனி மேசைக்குச் சந்தோஷம். ஒன்று கேட்கிறேன். நீ எழுதியதை அந்த ஃபிட்டருக்குப் படித்துக் காட்டினாயா? கால் வழுக்கி விழுந்தோம் என்று கேட்டபோது அவர் முகம் எப்படி இருந்தது? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். வீட்டில் அவர் மனைவி நம்பியிருப்பாளா என்று யோசித்துக்கொண்டே படுத்திருந்தேன். படுத்துக் கிடப்பவளுக்கு வேறு வேலை என்ன?

நிரந்தரம் பற்றி நீ ஒன்றும் எழுதவே இல்லையே. டிசம்பருக்கு இன்னும் ஏழு மாதம் இருக்கிறது.

அன்புடன் அக்கா


ஜூன் 18

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். விலா வலி போய்விட்டதா? குடத்தை இனி அத்தானைத் தூக்கச் சொல்.

ஃபிட்டரைப் பற்றிக் கேட்டிருந்தாய். அவர் படிக்கவில்லை. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

இன்று ஒரு சமாச்சாரம். ஏழாம் நம்பர் பிரஸ்ஸில் ஒருவர் இருக்கிறார். பெயரைச் சொன்னால் ஷாப்பில் யாருக்கும் தெரியாது, பாட்டுக்காரர் என்றால்தான் தெரியும். பிரஸ் அடிக்கும் தாளத்துக்குப் பாடிக்கொண்டே வேலை செய்வார். கட்டைக் குரல்தான், ஆனாலும் கேட்கலாம். ஒரு வாரமாக அவர் மிஷினை அடிக்கடி நிறுத்திக்கொண்டே இருந்தார். கேட்டால், பிரஸ் ரிப்பீட் அடிக்கிறது என்கிறார். அதாவது பொத்தானை ஒரு தடவை அழுத்தினால் ஒரு தடவைதான் இறங்க வேண்டும், இது சில சமயம் தானாகவே இரண்டாவது தடவையும் இறங்குகிறதாம். நான் நின்று பார்த்த ஒரு மணி நேரமும் ஒழுங்காகத்தான் ஓடியது. ஆர்டர் பாக்கி மலை போலக் கிடக்கிறது. உன் ஷிப்ட்தான் கடைசி என்று மேனேஜர் எல்லார் முன்னாலும் என் மானத்தை வாங்கினார்.

இன்று காலை பாட்டுக்காரர் மறுபடியும் நிறுத்தினார். "நீங்க வேணா கையை வச்சுப் பாருங்க சார்" என்றார். எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, பளாரென்று அறைந்துவிட்டேன். ஷாப் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவர் கன்னத்தைத் தொடக்கூட இல்லை. மிஷினை ஓட்டினார். மதியத்துக்குள் என் ஷிப்ட் கணக்குக்கு மேலேயே அடித்துத் தள்ளியது. மேனேஜர் வந்து முதுகில் தட்டி, "இப்பதான் நீ எங்க வீட்டு ஆளு" என்றார்.

உள்ளங்கை இன்னும் எரிகிறது. ஆனாலும் அக்கா, பொய் சொல்ல மாட்டேன், அந்த நிமிஷம் எனக்குப் பிடித்திருந்தது.

உன் தம்பி


ஜூன் 23

டேய்,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை.

உன்னை நான் அடித்திருக்கிறேனா? ஒரு தடவை சொல். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டாய், என் பையில் காசு எடுத்தாய், பரீட்சையில் கோட்டை விட்டாய். ஒரு நாள் கை வைத்திருக்கிறேனா? அம்மா வைத்தாளா? பிறகு எங்கே கற்றுக்கொண்டாய் இதை?

உள்ளங்கை எரிகிறதாம். அவருக்கு எப்படி இருக்கும் என்று சொல்லட்டுமா? வலி கொஞ்ச நேரம்தான். அதற்கப்புறம்தான் இருக்கிறது. வீட்டுக்குப் போகும்போது கன்னம் சிவந்திருக்கிறதா என்று எதிலாவது பார்ப்பார். கேட்டால் என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போவார். அடுத்த நாள் உன் காலடிச் சத்தம் கேட்டதும் தோள் தானாகச் சுருங்கும். நீ சும்மா தண்ணீர் குடிக்கப் போனாலும் சுருங்கும். நீ அடித்ததை மறந்துவிட்டுச் சிரித்துப் பேசுவாய். அவரும் பதிலுக்குச் சிரிக்க வேண்டும். அது அடியைவிட மோசம்.

"எங்க வீட்டு ஆளு" என்றாராம். நீ அந்த வீட்டு ஆள் இல்லை. அம்மா பெற்ற பிள்ளை நீ, நான் வளர்த்தவன்.

அவரிடம் போய் மன்னிப்புக் கேள். இனிமேல் கடிதத்தை டெய்லரம்மா முகவரிக்குப் போடு. ஏன் என்று கேட்காதே.

அக்கா


ஆகஸ்ட் 27

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் என்று எழுதக் கை வரவில்லை. நீ நலமாக இருக்கிறாயா என்று மட்டும் கேட்கிறேன். இரண்டு மாதம் உனக்கு எழுதாமல் இருந்தது கோபத்தால் இல்லை, வெட்கத்தால். மன்னிப்புக் கேட்க நான் போகவில்லை. நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று தள்ளிப்போட்டேன்.

போன வியாழக்கிழமை ஏழாம் நம்பர் ரிப்பீட் அடித்தது. அடித்து முடித்த கீலை எடுக்கப் பாட்டுக்காரர் வலது கையை உள்ளே விட்ட நேரத்தில் தானாக இறங்கியது. அவர் கத்தவில்லை. பாட்டு நின்றதால்தான் நாங்கள் திரும்பினோம். அச்சு மூடியிருந்தது. அவர் நின்றபடி தன் முழங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார், அதற்குக் கீழே பிரஸ்தான் இருந்தது. சக்கரத்தைக் கையால் திருப்பி அச்சை மேலே தூக்க ஏழு நிமிஷம் ஆயிற்று. அந்த ஏழு நிமிஷமும் நான் அவரைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் ஒரே ஒரு தடவை, "சொன்னேனே சார்" என்றார். தூக்கியபோது உள்ளே கை என்று சொல்ல ஒன்றும் இல்லை. தகட்டையும் அதையும் பிரிக்க முடியவில்லை.

மிஷினைப் பிரித்தேன். கிளட்சுக்குள், ஒரு அடியோடு பிரஸ்ஸைப் பிடித்து நிறுத்தும் சாவிக்கட்டை தேய்ந்து மழுங்கிப் போயிருந்தது. ஜூனிலேயே பிரித்திருந்தால் கண்டுபிடித்திருக்கலாம். அரை நாள் வேலை அது. நான் பிரிக்கவில்லை, அறைந்தேன்.

அறிக்கையும் நான்தான் எழுதினேன். "தொழிலாளியின் கவனக்குறைவு. மிஷின் நல்ல நிலையில் இருந்தது." மேனேஜர் பக்கத்தில் நின்றார். இப்படி எழுதினால் பாட்டுக்காரருக்கு நஷ்டஈடும் கிடையாது, வேலையும் கிடையாது. எழுதி முடித்ததும், எனக்கு டிசம்பர் வரை காத்திருக்க வேண்டாம், அக்டோபர் முதல் தேதியே நிரந்தரம் என்றார். நீ கேட்டுக்கொண்டே இருந்தாயே, கிடைத்துவிட்டது. சாவிக்கட்டையை மட்டும் யாருக்கும் தெரியாமல் என் பெட்டியில் வைத்திருக்கிறேன். எதற்கென்று எனக்கே தெரியவில்லை.

உன் தம்பி


செப்டம்பர் 12

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் படித்து இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. அந்த மனுஷனை ஆஸ்பத்திரியில் போய்ப் பார். பேச்சு வராவிட்டாலும் போய் நில்.

நிரந்தரம் கிடைத்தது பற்றிச் சந்தோஷப்படுவதா என்று தெரியவில்லை. ஆனாலும் மனசின் ஒரு மூலையில் ஒரு நிம்மதி, அதை மறைக்க மாட்டேன். அக்டோபர் முதல் தேதி அந்தத் தாள் கைக்கு வந்ததும் உடனே எனக்கு எழுது. ஒரு நாள்கூடத் தாமதிக்காதே. அதற்காகத்தான் காத்திருக்கிறேன்.

நான் சௌக்கியம். பத்து நாள் முன்பு குளியலறையில் கால் வழுக்கி விழுந்துவிட்டேன். இடது கையில் மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள். மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் நடுவில், சுண்டுவிரல் பக்கத்து எலும்பாம். விழும்போது தொட்டி விளிம்பில் மோதிவிட்டது. வலது கை நன்றாக இருக்கிறது, எழுதுவதில் சிரமமில்லை. வீட்டு வேலைதான் ஒற்றைக் கையால் இழுத்துக்கொண்டு போகிறது.

அன்புடன் அக்கா


செப்டம்பர் 16

அக்கா,

உன் கடிதத்தைச் சாப்பாட்டு இடைவேளையில் என் தனி மேசையில் வைத்துப் படித்தேன்.

கால் வழுக்கி விழுந்தேன், விளிம்பில் மோதியது. என்னுடைய வாக்கியம் அது. அந்த விளிம்பு வரியை யோசித்துச் சேர்த்தவன் நான். இந்த ஒன்பது மாதத்தில் பதினோரு அறிக்கை எழுதியிருக்கிறேன். காயத்துக்குக் காரணம் கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. எந்தக் காயம் எதனால் வரும் என்று எனக்குத் தெரியாதா? நீ கையைத் தூக்கியிருக்கிறாய்.

பழைய கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். அலமாரிக் கதவு, குடம், காய்ச்சல், டெய்லரம்மா முகவரி. எல்லாம் எழுதித்தான் இருக்கிறாய். நான்தான் ஒவ்வொன்றுக்கும் அத்தானிடம் உதவி கேட்கச் சொல்லிப் பதில் போட்டிருக்கிறேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

உடனே கிளம்பி வா. அறை சின்னதுதான், இரண்டு பேர் இருக்கலாம். முடியாதென்றால் நான் வந்து அழைத்துக்கொண்டு வருகிறேன். அந்த ஆளை நான் பார்த்தால் என்ன செய்வேன் என்று எனக்கே பயமாக இருக்கிறது. எத்தனை நாளாக அக்கா? அதை மட்டுமாவது எழுது.

உன் தம்பி


செப்டம்பர் 20

அன்புத் தம்பிக்கு,

டெய்லரம்மா வீட்டில், துணி மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து எழுதுகிறேன். இவர் வேலைக்குப் போயிருக்கிறார்.

கேட்டுவிட்டாய், சொல்கிறேன். மூன்று வருஷமாக. முதலில் கை. அப்புறம் கையில் கிடைத்தது. விலாவில் இரண்டு எலும்பு விரிசல் விட்டது, அது உதை. இந்தக் கை, கதவுக்குப் போடும் இரும்புத் தாழ்க்கட்டை. சாப்பாடு ஆறியிருந்தது, அவ்வளவுதான் காரணம். அடித்து முடித்ததும் அவரே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவார். டாக்டரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று வழியிலேயே சொல்லிக் கொடுப்பார்.

முதல் இரண்டு வருஷம் திருந்துவார் என்று இருந்தேன். அப்புறம் ஒரு நாள் போதும் என்று பையில் துணியை எடுத்து வைத்தேன். அன்றைக்குத்தான் உனக்கு வேலை உத்தரவு வந்தது. "உன் தம்பி பிழைப்பு எங்க அண்ணன் கையில" என்று இவர் சிரித்துக்கொண்டே சொன்னார். பையிலிருந்து துணியை எடுத்து மறுபடி அலமாரியில் மடித்து வைத்தேன். நான் வாசல் தாண்டினால் மறுநாள் நீ தெருவில் நிற்பாய்.

இவ்வளவு தூரம் வந்தாயிற்று. இன்னும் பத்து நாள். அந்தத் தாள் கையில் வரட்டும். அதன் பிறகு யோசிக்கலாம். இங்கே வராதே. அவர் மேல் கை வைத்து ஜெயிலுக்குப் போக உன்னை நான் படிக்க வைக்கவில்லை. வாயை மூடிக்கொண்டு பத்து நாள் இரு. எனக்காக இதைச் செய்.

அக்கா


செப்டம்பர் 30

அக்கா,

வியாழக்கிழமை போட்ட கடிதம் கிடைத்ததா? திங்கள் காலை பத்து மணிக்குள் வீட்டை விட்டு இறங்கிவிடு, பஸ் ஏறு, மற்றதை வந்தபின் பேசலாம் என்று எழுதியிருந்தேன். திங்கள் ராத்திரி வரை நீ வரவில்லை என்று ஃபிட்டர் என் அறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். நான் வந்து பார்க்க முடியாத நிலையில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறேன்.

நீ பத்து நாள் கேட்டாய். நான் தரவில்லை. நிரந்தரம் ஆன பிறகும் நான் அவர் கையில்தான் இருப்பேன் அக்கா. அப்புறம் பதவி உயர்வு வரட்டும் என்பாய், அதற்காக இன்னும் இரண்டு வருஷம் வாங்குவாய். ரிப்பீட் அடிக்கிற பிரஸ் தானாகச் சரியாகாது. அதைத் தெரிந்துகொள்ள ஒருவருடைய கையைக் கொடுத்தேன். அடுத்தது உன் தலை.

நேற்றுப் பாட்டுக்காரர் அறிக்கையில் கையெழுத்துப் போட இன்ஸ்பெக்டர் வந்தார். மேனேஜர் அறையில் எல்லோரும் இருக்கும்போது சாவிக்கட்டையை எடுத்து மேசை மேல் வைத்தேன். வேறு அறிக்கையைக் கொடுத்தேன். ஜூனிலேயே அவர் சொன்னார், நான் அறைந்தேன், மிஷினை ஓட விட்டேன் என்று என் பெயரைப் போட்டே எழுதியிருந்தேன். ஃபிட்டர் கையை முறித்தது யார் என்றும் எழுதினேன். பதினோரு அறிக்கைக்கும் பதினோரு உண்மை. இன்ஸ்பெக்டர் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

ஜீப் வாசலைத் தாண்டியதும் மேனேஜர் கதவைத் தாழிட்டார். அவரும் இரண்டு ஃபோர்மேன்களும். முதல் குத்திலேயே முன்பல் இரண்டு போய்விட்டது. கீழே விழுந்த பிறகு காலால் மிதித்தார்கள். நான் திருப்பி அடிக்கவில்லை என்று எழுதினால் நீ சந்தோஷப்படுவாய், ஆனால் அடித்தேன். மேனேஜர் காதைக் கடித்துவிட்டேன். ஃபிட்டரும் மற்றவர்களும் கதவை உடைத்து என்னைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நர்ஸம்மா என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும்தான் முதலில் தடவிப் பார்த்தார். வலது கையில் முறிவு. இதைக் கோணல்மாணலாக இடது கையால் எழுதுகிறேன்.

வேலை போய்விட்டது அக்கா. நிரந்தரமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. நான் சந்தோஷமாக இருக்கிறேன். நீ அங்கே இருக்க இனி ஒரு காரணமும் கிடையாது. உயிரோடு இருக்கிறேன் என்று ஒரே ஒரு வரி போடு.

உன் தம்பி


அக்டோபர் 4

தம்பிக்கு,

உயிரோடு இருக்கிறேன். நீ கேட்ட வரி இதோ.

உன் வியாழக்கிழமைக் கடிதம் சனிக்கிழமை வந்து டெய்லரம்மா வீட்டுக் கதவுக்குக் கீழே இரண்டு நாள் கிடந்தது. அவர் மகளைப் பார்க்கப் போயிருந்தார், திங்கள் சாயங்காலம்தான் திரும்பினார். திங்கள் மத்தியானம் இவர் சாப்பிட வந்திருந்தபோது அண்ணனிடமிருந்து போன் வந்தது. உன்னை அடித்து முடித்த கையோடு போன் செய்திருப்பார் போல. நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். எனக்கு ஒன்றும் தெரியாது. உன் வேலை போனதும் தெரியாது, நீ அடிபட்டதும் தெரியாது. இவர் பின்னாலிருந்து வந்து முடியைப் பிடித்து இழுத்தபோது, எதற்கு என்றுகூடத் தெரியாமல் விழுந்தேன்.

தாழ்க்கட்டையை எடுத்தார். அடித்துக்கொண்டே ஒவ்வொன்றாகச் சொன்னார், உன் தம்பி இதைச் செய்தான், உன் தம்பி அதைச் செய்தான் என்று. அப்போதுதான் எனக்கு விஷயமே புரிந்தது. உன் வேலை போய்விட்டது. இனி நான் யாருக்காக இதை வாங்குகிறேன்? அந்த யோசனை வந்த நிமிஷத்தில் கையைத் தூக்கினேன், தடுக்க இல்லை. மாவுக்கட்டோடு அவர் முகத்தில் போட்டேன். இரண்டாவது தடவையும் போட்டேன், மூன்றாவது தடவையும் போட்டேன். மாவுக்கட்டு உடைந்தது. அவர் மூக்கு உடைந்தது. என் எலும்பு மறுபடி விலகிவிட்டது. அவர் சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். பயந்துபோய் என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் பயத்தை நான் முதல் தடவையாகப் பார்த்தேன். நன்றாக இருந்தது என்று எழுத ஆசைதான். நன்றாக இல்லை. செருப்புப் போடாமல் வெளியே வந்துவிட்டேன்.

டாக்டரிடம் நடந்ததை நடந்தபடி சொன்னேன். போலீஸிலும் எழுதிக் கொடுத்தேன். இப்போது டெய்லரம்மா வீட்டில் இருக்கிறேன். புதுக்கட்டு போட்டிருக்கிறது. தலையில் ஆறு தையல். ஆபத்தில்லை.

இனி உன் விஷயத்துக்கு வருகிறேன்.

யாரடா உன்னைக் கேட்டது? ஒரு வருஷம் அடி வாங்கி நான் காப்பாற்றிய வேலை அது. நீ என்னை ஒரு வார்த்தை கேட்டாயா? பத்து நாள் என்று கெஞ்சினேன். உனக்குத் தோன்றியது, செய்துவிட்டாய். எனக்கு எது நல்லது என்று உனக்குத் தெரியுமாம். இவரும் அப்படித்தான் சொல்லுவார். கடிதம் கிடைத்ததா இல்லையா என்றுகூடப் பார்க்காமல் என்னை அந்த வீட்டுக்குள் வைத்துக்கொண்டு நெருப்பைப் பற்ற வைத்திருக்கிறாய். நான் செத்திருப்பேன். உன் முன்பல் போனதற்கும் கை முறிந்ததற்கும் அழுதேன், இன்னும் அழுகிறேன். ஆனாலும் உன்னை மன்னிக்க எனக்குக் கொஞ்ச நாள் ஆகும். நீ செய்தது சரிதான். பாட்டுக்காரர் விஷயத்தில் செய்தது நூற்றுக்கு நூறு சரி. சரி என்பதால் என் கோபம் போய்விடாது.

செவ்வாய்க்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். நடக்க முடிந்தால் நீயே வந்து நில். கையில் பை ஒன்றும் இருக்காது, அதனால் தூக்க ஆள் வேண்டாம். உன்னை அடிக்க மாட்டேன். ஆனால் திட்டுவேன். நீ குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் நின்று கேட்க வேண்டும். மூன்று வருஷமாக நான் யாரிடமும் சத்தம் போட்டுப் பேசியதில்லை. பஸ்ஸை விட்டு இறங்கியதுமே ஆரம்பித்துவிடுவேன், கூட்டம் கூடினால் கூடட்டும்.

அக்கா